விடுதிக்குப் போகும் மகளிடம் தரும் உறுதிமொழி

1. இதை எழுதுபவன், ஆரணியில் வசித்து இவ்வூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞர் தொழில் செய்துவரும், ஐம்பத்தெட்டு வயதான உன் தகப்பன். சொத்துப் பத்திரங்களை வரைவதும், பிறர் வரைந்த பத்திரங்களில் குறை கண்டுபிடிப்பதும் என் அன்றாட வேலை.

2. இதைப் பெறுபவள், மேற்படியாரின் ஒரே மகள் நிவேதா. வயது இருபத்திரண்டு, மேஜர். தன் காரியங்களைத் தானே முடிவு செய்யத் தகுதி உடையவள். பிறவியிலேயே பெருமூளை வாதம் உள்ளவள். போய்வரச் சக்கர நாற்காலியும், பேசி முடிக்கக் கேட்பவரின் பொறுமையும் தேவைப்படுபவள்.

3. வருகிற திங்கட்கிழமை நீ சென்னைக்குப் போய், பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் பொருளாதாரத்தில் முதுகலை படிக்கப் போகிறாய் என்பதால் இது எழுதப்படுகிறது. இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எழுதும்படி உன் அம்மா சொன்னாள். அதை வற்புறுத்தலாக நான் கருதவில்லை.

அன்புள்ள நிவேதா,

நான் எளிதில் நம்புகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஒரு பத்திரத்தில் ‘மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை’ என்ற வரி ஒரு முறை வந்தால் படித்துக்கொண்டு போவேன். இரண்டு முறை வந்தால் பேனாவை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பல்கலைக்கழகம் தன் கையேட்டில் ‘மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அனைத்து வசதிகளும் உண்டு’ என்று முதல் பக்கத்தில் ஒரு தடவையும் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவையும் போட்டிருந்தது. நீ இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தாய். நான் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என் சுபாவம் என்று நீ சொல்வாய். சுபாவம் மட்டும் அல்ல, முன் அனுபவம். நீ இளங்கலை படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். சேர்க்கையன்று அதன் முதல்வர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம வீட்டுப் பொண்ணு சார் இது. கிளாஸையே கீழ கொண்டாந்துடறோம்” என்றார். எழுத்தில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பிடித்த கை சூடாக இருந்ததால் கேட்கவில்லை. முதல் பருவம் முடிந்ததும் கீழ் அறை வேறு எதற்கோ தேவைப்பட்டு வகுப்பு மாடிக்குப் போனது. நான்கு பையன்கள் உன்னை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் அதில் ஒருவன், “டேய், கல்யாணப் பொண்ணு ஊர்வலம் வருது, வழி வுடுங்கடா!” என்று கத்தியதையும், படிக்கட்டே சிரித்ததையும் நீ எங்களிடம் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாய். கழிப்பறைக்காக இன்னொரு முறை தூக்கச் சொல்ல வேண்டாமே என்று. காய்ச்சல் வந்து மருத்துவர் கேட்ட பிறகே அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்தது. அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு அவர்கள் கட்டிய பேனரில் நீ ஒரு மரப்பலகைச் சாய்தளத்தின் மேல் சிரித்துக்கொண்டிருந்தாய். படம் எடுத்தபின் அந்தப் பலகை ஆண்டு விழா மேடைக்குப் போய்விட்டது. இப்படி ஒரு முறை நடந்த இடத்தில், மறுமுறை ஒருவன் சந்தேகப்பட்டால் அதைக் குணக்கேடு என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

ஆகவேதான் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாம் சென்னை போன அன்று, நான் கட்டடத்தைப் பார்க்கும் முன் அதன் வாசலைப் பார்த்தேன். சாய்தளம் இருந்தது, சரிவும் சரியாகவே இருந்தது. அது தொடங்கும் இடத்தில் இரும்புக் கதவு ஒன்று, அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. நாம் எப்போதும் அமர்த்தும் வாடகைக் கார் ஓட்டுநர் ஏழுமலை உன்னை இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு அந்தப் பூட்டை ஆட்டிப் பார்த்தார். காவலாளி ஓடி வந்தார்.

“சாவி ஆபீஸ் ரூம்ல கீது சார். மாடில.”

“மாடிலயா?” என்றார் ஏழுமலை. “யோவ், மாடிக்குப் போவ முடிஞ்சவன் இன்னாத்துக்குய்யா இதத் தேடினு வரான்?”

“பசங்க பைக்க ஏத்திடறானுங்கபா. அதான் பூட்டு.”

“அப்ப பூட்டு பைக்குக்கா, பாப்பாவுக்கா? கேட்டுச் சொல்லு.”

காவலாளி என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். நீதான் சண்டையை நிறுத்தினாய். ஒவ்வொரு சொல்லாக, உனக்கே உரிய நிதானத்தில், “வுடுங்கண்ணா. சாவி வரட்டும். எனக்கென்ன கால் வலியா? உக்காந்துகினுதான இருக்கேன்” என்றாய். காவலாளி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மாடிக்கு ஓடினார்.

உள்ளே மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தின் பொறுப்பாளரான பேராசிரியை நம்மை எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது. “கவலையே படாதீங்க சார், இது உங்க வீடு மாதிரி” என்றார். என் வீட்டில் கழிப்பறைக்குள் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடுக்குவதில்லை என்று சொல்ல நினைத்தேன். ஏனெனில் அவர்கள் உனக்கென்று காட்டிய கழிப்பறை அப்படித்தான் இருந்தது. ‘தற்காலிகம்’ என்றார். எங்கள் தொழிலில் தற்காலிகத் தடையாணை ஒன்று தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வாரிசுரிமையாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் கேள்விகள் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே கேட்டார். “இவங்களுக்குப் பேச வருமா சார்?” என்றார். “வரும் மேடம், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்” என்று நான் விளக்கினேன். நீ ‘எனக்கு’ என்று தொடங்கியிருந்தாய். தொடங்கிய சொல்லோடு நிறுத்திக்கொண்டாய். திரும்பும் வழியில் காஞ்சிபுரம் தாண்டினோம். பிறகு சொன்னாய்: “அப்பா, எனக்குப் பேச வரும்ங்கறதயும் நீங்களே பேசிட்டீங்க.” ஏழுமலை வண்டியின் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைச் சாலைக்குத் திருப்பினார்.

அந்தத் தேநீரோடு ஒரு தாளும் வந்தது. ‘பெற்றோர் உறுதிமொழி’. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, நோட்டரியின் ஒப்பம் பெற்று, விடுதி திறக்கும் முன் தர வேண்டும். தராவிட்டால் அறை அடுத்தவருக்குப் போகும். அறை போனால் உன் படிப்பும் போகும். ஆரணியிலிருந்து தினமும் போய்வரும் தூரமல்ல அது. அதில் நான் மூன்று காரியங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். உனக்கு உதவியாளர் ஒருவரை என் பொறுப்பில் விடுதியில் தங்க வைக்க வேண்டும். அங்கே உனக்கு நேரும் எதற்கும் பல்கலைக்கழகம் பொறுப்பாகாது. உன் நிலை காரணமாகப் பிறருக்கு இடைஞ்சல் என்று நிர்வாகம் கருதினால், நான் மறுப்பின்றி உன்னை அழைத்துப் போய்விட வேண்டும். ‘கருதினால்’ என்ற அந்த ஒரு சொல்லில் முழு விஷயமும் தொங்குகிறது. யார் கருதுவார், எதை வைத்துக் கருதுவார், உன்னைக் கேட்பார்களா என்று எதுவும் இல்லை. இதில் கையெழுத்திடுபவன் மகளைச் சேர்க்கவில்லை, வெளியேற்றும் உத்தரவில் தேதியை மட்டும் காலியாக விட்டுக் கொடுக்கிறான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கையெழுத்திடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன்.

அதன் பிறகு செய்ததுதான் சரியில்லை. அவர்கள் பத்திரத்துக்குப் பதிலாக நானே ஒன்று வரைந்தேன். பல்கலைக்கழகச் செலவில் இரவும் பகலும் உதவியாளர். தேர்வில் நீ சொல்லச் சொல்ல எழுதும் ஸ்க்ரைப்பை என்னைக் கலந்தே நியமிக்க வேண்டும். நீ விடுதியின் வாயிலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தகவல் வர வேண்டும். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறாத வரைவு. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா இட்லி எடுத்துக்கொண்டிருக்க, நீ அதை உன் கணினித் திரையில் படித்தாய். படித்து முடித்ததும் உன் தோள்கள் குலுங்கின. அழுகிறாயோ என்று நான் எழுந்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

“அப்பா, ஒண்ணாம் பார்ட்டி நீங்க. ரெண்டாம் பார்ட்டி பதிவாளர். நான் எங்க?”

“கடைசிப் பக்கத்துல உன் விவரமெல்லாம் போட்டிருக்கேனேம்மா. வயசு, படிப்பு, நாற்காலியோட அகலம்கூட இருக்கு.”

“அது நீங்க சொத்து விவரம் போடற எடம்.”

நான் பார்த்தேன். ஆமாம். விற்பவர், வாங்குபவர், நிபந்தனைகள், முடிவில் சொத்து விவரம். முப்பது வருடமாகக் கை பழகிய வரிசை அது.

“நாலெல்லைய வுட்டுட்டீங்க,” என்றாய் நீ. “வடக்கே ஜன்னல். தெக்கே பாத்ரூம். கெழக்கே வார்டன் ரூம். இதுக்குள்பட்ட நிவேதா.”

அம்மா அடுப்படியிலிருந்து, “மேற்க யாருடி?” என்றாள்.

“மேற்க அப்பா. அந்தப் பக்கம் வழியே கெடையாது.”

அம்மா கரண்டியோடு சிரித்தாள். நான் சாப்பிடாமல் அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு நல்ல வரைவைக் கேலி செய்தால் எந்த வழக்கறிஞருக்கும் வரும் கோபம். ஆனால் அங்கே உட்கார்ந்து அதைத் திரும்பப் படித்தபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்தால் இந்தப் பத்திரத்தில் நான் எங்கே கைவைப்பேன் என்று பார்த்தேன். முதல் வரியிலேயே வைப்பேன். மேஜரான ஒரு பெண்ணின் தங்குமிடத்தைப் பற்றி அவளை விட்டுவிட்டு ஒப்பந்தம் செய்ய இவர் யார்?

நீ அன்றே உன் மனுவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாய். ஒரே விரலால் செய்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. “பிழை இருந்தா சொல்லுங்க. திருத்தாதீங்க” என்று என்னிடம் காட்டினாய். நீ கேட்டிருந்தவை நான் கேட்டவை அல்ல. உன் சொற்களிலேயே: பூட்டை எடுங்கள். கழிப்பறையிலிருந்து துடைப்பங்களை எடுங்கள். ஸ்க்ரைப்பை நான் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். என்னைப் பற்றிய கேள்விகளை என்னிடம் கேளுங்கள்; பதில் முடியும்வரை காத்திருங்கள். உதவியாளர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு நானே சொல்கிறேன். முடிவில் ஒரு வரி: ‘பக்கத்து அறையில் தங்கப்போகும் மாணவியின் தந்தையிடம் நீங்கள் இந்த உறுதிமொழியைக் கேட்கவில்லை. என் தந்தையிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?’

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அவர்களுடைய நிபந்தனைகளை நான் ஒவ்வொன்றாக வெட்டி வேறு நிபந்தனைகள் போட்டுக்கொண்டிருந்தேன். நிபந்தனையைப் பேரம் பேசுகிறவன் பத்திரம் தர வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டவனாகிறான். இளம் வழக்கறிஞர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ‘இதனால் என் பிற உரிமைகள் பாதிக்கப்படாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். “தேவைன்னா அடுத்த மனுல” என்று அனுப்பிவிட்டாய்.

நான்கு நாள் கழித்து உன் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியது. உறுதிமொழி தேவையில்லை, அறை உனக்கே, பூட்டு அகற்றப்பட்டது, கழிப்பறை சுத்தம் செய்யப்பட்டது, ஸ்க்ரைப் குறித்துப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றது. நீ பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டு, ‘நான் ஐயா அல்ல’ என்று எழுதினாய். அம்மா கேசரி கிளறினாள். நான் நம்பவில்லை. அந்த வாரம் பட்டுக் கடைக்காரர் ஒருவரைச் சென்னையில் இறக்கிவிடப் போன ஏழுமலையிடம், அப்படியே போய்ப் பார்த்துவரச் சொன்னேன். படம் அனுப்பிவிட்டுப் பேசினார். “பூட்டு இல்ல சார், நெசம்தான். கதவு தொறந்துதான் கீது. ஆனா சங்கிலி மட்டும் தொங்கிகினு கீது.”

அந்தச் சங்கிலியை நீ மறக்காதே என்றே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பூட்டை எடுத்தவர் சங்கிலியை ஏன் விட்டுவைத்தார்? மறதியாக இருக்கலாம். புதிய பூட்டு வாங்கும்வரையாகவும் இருக்கலாம். போன அன்றே அதைக் கழற்றச் சொல்; சொன்னதை எழுத்திலும் அனுப்பு. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் எந்தத் தேதிக்குள் என்று கேள். முதல் தேர்வு முடிந்தபின் வரும் ஸ்க்ரைப்பால் பயனில்லை. வருகிறவர் நீ சொல்லாததையும் சேர்த்து நன்றாக எழுதித் தருகிறேன் என்றால், சொன்னதை விட்டுவிடுகிறவரைவிட அவர் ஆபத்தானவர் என்று அறிந்துகொள். உன் மதிப்பெண்ணைப் பிறகு யாராவது சந்தேகித்தால் உன்னிடம் பதில் இருக்காது. கேட்காமல் உன் நாற்காலியைத் தள்ளுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடு. இரண்டாம் மாதம் சொன்னால் நன்றிகெட்டவள் ஆவாய். படம் எடுக்க வந்தால் எதற்கு என்று கேள். காலையில் தண்ணீர் குடி. குடிக்க யோசனையாக இருக்கும் நாளில், அந்தக் கட்டடத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். உன் உடம்பில் அல்ல.

நம் தெருவை நீ ஒப்பிட்டுப் பார்ப்பாய். காலையில் நெசவாளர்கள், தறிக்குப் போகும் நீள இழைகளான பட்டுப் பாவினைத் தெரு நீளத்துக்குக் கோல்களில் இழுத்துக் கட்டிச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் நாற்காலியின் சத்தம் கேட்டதும் யாராவது, “பாப்பா வருது, அந்தக் கோல ஒசத்து!” என்பார்கள், ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க, நீ அடியில் போவாய். அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் களம்பூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பாவு கட்டியிருந்த ஒரு நாள், அவர்கள் வேலை முடியும்வரை நீ தெருமுனையில் வெயிலில் காத்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அவர்களும் கெட்டவர்கள் இல்லை, உன்னைத் தெரியாதவர்கள். அன்பு என்பது ஆளைப் பொறுத்தது. ஆள் மாறினாலும் மாறாத ஒன்றைக் கேட்டு வாங்கு. அங்கே உன்னைத் தெரியாதவர்களே அதிகம்.

இனி, நீ இதுவரை அறியாத ஒன்று. சரிபார்ப்புக்குப் போன அன்றே காவலாளியிடம் விடுதி வார்டனின் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். இந்தப் புதன்கிழமை நீதிமன்ற வராந்தாவிலிருந்து அவரை அழைத்தேன். நீ வெளியே போகும்போதெல்லாம் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான், உனக்குத் தெரிய வேண்டாம் என்றேன். என் வரைவில் நீ சிரித்துத் தள்ளிய அதே நிபந்தனையைத்தான் வாய்வழியாக வாங்கப் பார்த்தேன். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “சார், இங்க எந்தப் பொண்ணோட அப்பாவும் கேக்காதத கேக்கறீங்க. உங்க பொண்ண கேட்டுட்டுதான் பேசறீங்களா?” என்றார். கட்சிக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரும் காத்திருக்கவில்லை. மாலை அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே உன்னிடம் சொல்லச் சொன்னாள். நேரில் சொல்ல வராது என்றேன். ‘அப்போ எழுதிக் குடுங்க’ என்றாள். நாம் சந்தேகிக்க வேண்டியவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்கள் என்று நான் எண்ணியிருந்தது தவறு. அந்த வார்டனைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது; ஆனால் அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு ஒரு நற்சான்று தருகிறேன்.

ஆகவே பல்கலைக்கழகத்துக்குத் தர மறுத்த பெற்றோர் உறுதிமொழியை, இதன் மூலம் உனக்குத் தருகிறேன். உனக்குத் தெரியாமல் விடுதியையோ, துறையையோ, உன் தோழியரையோ நான் தொடர்புகொள்ள மாட்டேன். வார்டனின் எண்ணை அம்மாவின் முன்னிலையில் அழித்துவிட்டேன். திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் யார் என்னைப் பார்த்துக் கேட்டாலும் உன் பக்கம் கையைக் காட்டுவேன். நீ பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். நீயாக ‘பேசுங்கப்பா’ என்றால் மட்டும் பேசுவேன். அப்போது நன்றாகவே பேசுவேன். என்றைக்காவது இங்கே திரும்பி வர நினைத்தால் வரலாம், காரணம் கேட்க மாட்டேன். விடுமுறைக்கு வராமல் அங்கேயே இருக்க நினைத்தாலும் கேட்க மாட்டேன். இது முன்னதைவிடக் கடினம் என்பதைப் பதிவு செய்கிறேன். இவற்றில் எதை நான் மீறினாலும் என் அழைப்பை எடுக்காமல் இருக்க உனக்கு முழு உரிமை உண்டு. ‘நான் கருதினால்’ என்ற சொல் இந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துக்கொள். சந்தேகப்படும் உரிமையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை இங்கே ஆரணியில், என் நாற்காலியில் உட்கார்ந்து அனுபவித்துக்கொள்வேன்.

மேற்கண்டவற்றைப் படித்து, புரிந்து, முழு மனதோடு எழுதிக் கொடுத்தது:

(ஒப்பம்)
உன் அப்பா
ஆரணி

சாட்சிகள்:

1. கோமதி, எழுதியவரின் மனைவி. படித்தேன். எழுதியிருப்பது உண்மை. ஒரு வாரம் தாங்குவார் என்று நினைக்கிறேன். அதற்குமேல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

2. ஏழுமலை, கார் ஓட்டுநர், சந்தவாசல். திங்கட்கிழமை ஐயா வாயைத் திறந்தால் பாப்பாவிடம் சொல்லச் சம்மதம்.